ஒற்றனுக்கு நாமே திறந்துவைக்கும் கதவுகள்: சிறிய நாட்டின் படை தவிர்க்க வேண்டிய தவறுகள்

2008 செப்டம்பர் 21 அன்று எஸ்டோனியாவில் ஹெர்மன் சிம் என்பவரைக் கைது செய்தார்கள். அறுபது வயதைத் தாண்டியவர். ஒரு காலத்தில் நாட்டின் காவல்துறைக்கே தலைமை வகித்தவர். பிறகு பாதுகாப்பு அமைச்சகத்தில் இரகசிய ஆவணங்களைக் காக்கும் துறையை நடத்தியவர். எந்த அதிகாரி எந்தக் கோப்பைத் திறக்கலாம் என்று அனுமதி வழங்கியவரும் அவர்தான். அப்படிப்பட்டவர் 1995-ஆம் ஆண்டிலேயே ரஷ்ய வெளிநாட்டு உளவுத்துறைக்கு விலைபோயிருந்தார். துனிசியாவில் விடுமுறையைக் கழிக்கப் போன இடத்தில், எஸ்டோனியாவில் முன்பு வேலைபார்த்த, சோவியத் உளவுத்துறையான கே.ஜி.பி.யின் பழைய அதிகாரி ஒருவர் அவரைப் பிடித்துப்போட்டார். வேலியே பதின்மூன்று ஆண்டுகள் பயிரை மேய்ந்தது.

ரஷ்யாவை ஒட்டியிருக்கும் எஸ்டோனியாவின் மக்கள்தொகை சுமார் 13 லட்சம். நம் ஊர்க் கணக்கில் ஒரு மாநகராட்சிக்குள் அடங்கிவிடும் நாடு. 1991-இல் சோவியத் ஒன்றியத்திலிருந்து மீண்டும் விடுதலை பெற்றது. ரஷ்யப் படைகள் முழுவதுமாக வெளியேறியது 1994 ஆகஸ்ட் 31 அன்றுதான். அதன்பின் பத்தே ஆண்டுகளில், 2004 மார்ச்சில், அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் உள்ள நேட்டோ இராணுவக் கூட்டணியில் சேர்ந்தது. இத்தனை சிறிய நாட்டின் படைக்குப் பின்வாங்க நிலம் கிடையாது. இழந்ததை ஈடுகட்ட இரண்டாம் படையும் கிடையாது. தன் திட்டங்கள் எதிரிக்கு முன்கூட்டியே தெரியாமல் இருப்பதே அதன் முதல் அரண். அந்த அரணில் எங்கெங்கே ஓட்டை விழும் என்பதை எஸ்டோனியா பெரும் விலை கொடுத்துக் கற்றது. தன் ஓட்டைகளை நீதிமன்றத்தில் வைத்துப் பேசிய நாடு என்பதால் நாமும் அவற்றைத் தெரிந்துகொள்ள முடிகிறது.

"நம்மிடம் என்ன இருக்கிறது?"

சிறிய நாட்டுப் படைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. நம்மிடம் அணு ஆயுதம் இல்லை, விமானந்தாங்கிக் கப்பல் இல்லை, நம்மை வேவு பார்த்து யாருக்கு என்ன லாபம் என்கிறார்கள். இதைவிட ஆபத்தான அடக்கம் வேறில்லை. கூட்டணியில் சேர்ந்த அன்றே சிறிய நாட்டின் பெட்டகத்தில் பெரிய நாடுகளின் இரகசியங்களும் வந்து சேர்ந்துவிடுகின்றன. சிம்மிடமிருந்து மாஸ்கோ பெற்றது எஸ்டோனியாவின் இரகசியங்களை மட்டும் அல்ல. நேட்டோவின் ஆவணங்களும் அவர் கை வழியே போயின. பெரிய வீட்டுக்குள் நுழைய நினைக்கும் திருடன் தலைவாசலுக்குப் போவதில்லை. பக்கத்துச் சிறிய வீட்டின் மொட்டைமாடி வழியாக ஏறிக் குதிக்க முடியுமா என்றுதான் பார்ப்பான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பெரிய நாடு ஒன்றைத் தாக்குவதற்கு ஆயிரம் தகவல்கள் வேண்டும். சிறிய நாட்டுக்குச் சில நூறு போதும். எந்தப் பாலத்தின் மேல் கவச வாகனம் போகும், போர் வந்தால் அழைக்கப்படும் காத்திருப்புப் படையினர் எங்கே கூடுவார்கள், எந்தக் கிடங்கில் பீரங்கிக் குண்டுகள் இருக்கின்றன என்பவை தெரிந்துவிட்டால் முதல் நாளிலேயே அந்தப் படையின் கையையும் காலையும் கட்டிவிடலாம்.

ஒரே மனிதனிடம் எல்லாச் சாவிகளும்

சிம் விவகாரத்தில் என்னை மிகவும் வருத்துவது இதுதான். அனுமதி வழங்குபவரின் அனுமதியைச் சோதிப்பவர் யார்? சிறிய நாட்டில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். பத்து அதிகாரிகளில் மூன்று பேர் ஒரே பள்ளியில் படித்திருப்பார்கள், இரண்டு பேர் சம்பந்திகளாக இருப்பார்கள். "அவரை எனக்குத் தெரியும்" என்ற ஒரு சொல், பத்துப் பக்க விசாரணை அறிக்கையின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. புதிதாக விடுதலை பெற்ற நாட்டில் அனுபவமுள்ள ஆட்களும் குறைவு. ஆகவே சோவியத் காலத்துக் காவல்துறையில் வேலைபார்த்தவர்களையும், கே.ஜி.பி.யின் தொழில்நுட்பப் பிரிவுகளில் இருந்தவர்களையும் வைத்துத்தான் புதிய அமைப்புகளைக் கட்டினார்கள். வேறு வழி இருக்கவில்லை. அதற்காக அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் வேறு வழியில்லாமல் செய்த நியமனத்தை அதன்பிறகும் ஆண்டுதோறும் சோதித்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். 2013-இல் 15 ஆண்டு சிறைத் தண்டனை பெற்ற விளாதிமிர் வெய்த்மன், உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையான காப்போவிலேயே நெடுங்காலம் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர். அதற்கு முன் அவர் இருந்தது கே.ஜி.பி.யில்.

சேரும்போது ஒருமுறை சோதித்துவிட்டு, அதன்பின் பணிமூப்பையே நம்பிக்கைச் சான்றாக எடுத்துக்கொள்வது எந்தப் படையும் செய்யக்கூடாத தவறு. பதவி உயர உயரச் சோதனை கூட வேண்டும். நடைமுறையில் குறைகிறது. இளம் சிப்பாயின் பையைத் திறந்து பார்ப்பவர்கள் துறைத் தலைவரின் பையைத் தொடுவதில்லை. ஓர் ஆவணத்தைப் படி எடுக்க இருவர் கையெழுத்து, அனுமதி வழங்குபவரைச் சோதிக்க வேறொரு துறை, முக்கியப் பொறுப்புகளில் காலவரம்பு போன்றவை செலவில்லாத ஏற்பாடுகள். அவற்றைச் செய்யத் தடையாக இருப்பது முகதாட்சணியம்.

மொழியை வைத்துத் துரோகியைத் தேடுதல்

எஸ்டோனிய மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ரஷ்ய இனத்தவர். ஆகவே துரோகி அங்கிருந்துதான் வருவான் என்று நினைப்பது எளிது. ஆனால் மிகப் பெரிய சேதத்தைச் செய்த ஹெர்மன் சிம் எஸ்டோனியர், அரசின் உயர் விருது பெற்றவர். எல்லோரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்த வேளையில் அவர் ஆவணங்களைக் கடத்திக்கொண்டிருந்தார்.

2018-இல் பிடிபட்ட மேஜர் தெனிஸ் மெத்சாவாஸ் ரஷ்ய மொழி பேசும் குடும்பத்தவர். ரஷ்ய மொழி பேசுவோரும் நாட்டுக்கு உண்மையான வீரர்களே என்பதற்கு எடுத்துக்காட்டாகப் பலரும் சுட்டிக்காட்டிய அதிகாரி அவர். அவர் கதையைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன். அவரைச் சிக்கவைத்த ரஷ்ய இராணுவ உளவுத்துறையான ஜி.ஆர்.யு.வுக்கு அதனால் இரட்டை லாபம் கிடைத்தது. அவர் கொடுத்த ஆவணங்கள் ஒன்று. அவர் பிடிபட்டபின் மற்ற ரஷ்ய மொழிப் படையினர்மீது விழும் சந்தேகப் பார்வை இன்னொன்று. அந்தப் பார்வையை நாமே வளர்த்தால் எதிரியின் வேலையை எதிரிக்காக நாமே செய்து முடித்தவர்களாவோம். நேற்றுவரை தோளோடு தோள் நின்ற சிப்பாயைத் தாய்மொழிக்காக ஒதுக்கிவைக்கும் படை, அவனை எதிரியின் வாசலுக்குத் தானே வழிகாட்டி அனுப்புகிறது. பிரித்துப் பார்த்துத்தான் ஆக வேண்டும் என்றால், யார் எந்த நிர்ப்பந்தத்துக்கு ஆளாகக்கூடும் என்று பார்க்க வேண்டும். எல்லைக்கு அப்பால் உறவினர் உள்ளவர், கடனில் மூழ்கியவர், பதவி உயர்வு கிடைக்காமல் மனம் கசந்தவர் எல்லா மொழியிலும் உண்டு.

சிகரெட்டும் கைப்பேசியும்

உளவு என்றால் நம் கண்முன் வருவது மேஜர்களும் ஜெனரல்களும்தான். எஸ்டோனிய வழக்குகளைப் படித்தால் வேறு ஆட்களும் தென்படுகிறார்கள். ரஷ்ய எல்லை வழியாக மலிவு சிகரெட் கடத்திப் பிழைப்பவன் ஒருவன் மறுபக்கம் பிடிபடுகிறான். ரஷ்ய உள்நாட்டு உளவுத்துறையான எஃப்.எஸ்.பி.யின் அதிகாரி அவனிடம் வந்து பேசுகிறார். வழக்கு வேண்டாம், வியாபாரமும் நடக்கட்டும், பதிலுக்குச் சின்னச் சின்ன உதவிகள் போதும் என்கிறார். எல்லைச் சாவடியில் யார் யார் வேலைபார்க்கிறார்கள், முகாமுக்குள் எத்தனை வண்டிகள் போயின, அவற்றின் எண்கள் என்ன என்பவைதான் அந்த உதவிகள். இத்தகையோர் பலருக்கு எஸ்டோனிய நீதிமன்றங்கள் தண்டனை வழங்கியுள்ளன. தனித்தனியாகப் பார்த்தால் அவர்கள் கொடுத்த தகவல் அற்பமாகத் தோன்றும். ஒரு படைப்பிரிவின் அன்றாட நடமாட்டம் முழுவதையும் வரைபடமாக்க இந்த அற்பங்களே போதும்.

கைப்பேசி இன்னும் கொடியது, ஏனென்றால் அதற்குக் கடத்தல்காரன்கூடத் தேவையில்லை. பக்கத்து நாடான லாட்வியாவின் தலைநகர் ரீகாவில், தகவல் போரை ஆராயும் நேட்டோ சார்ந்த மையம் ஒன்று இருக்கிறது. இராணுவப் பயிற்சி ஒன்றின்போது தன் பக்கத்து வீரர்களிடமே அது ஒரு சோதனை நடத்தி, 2019-இல் முடிவை வெளியிட்டது. போலிச் சமூக ஊடகப் பக்கங்களும் விளம்பரமுமாக அவர்கள் செலவிட்டது சுமார் 60 டாலர். அதைக் கொண்டு ஏறத்தாழ 150 வீரர்களை அடையாளம் கண்டார்கள். சில படைப்பிரிவுகள் எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடித்தார்கள். சில வீரர்களைக் காவல் இடத்தை விட்டே நகரச் செய்தார்கள். சோதனையை நடத்தியது நட்புக் கை. அதே 60 டாலரை எதிரியும் செலவிட முடியும்.

கைப்பேசியை எடுத்துவராதே என்று ஆணை போட்டால் போதும் என்று நினைப்பதும் ஒரு தவறு. பத்தொன்பது வயதுப் பையனுக்குக் காரணத்தைச் சொல்லாமல் போடும் ஆணை காலுறைக்குள் ஒளிந்துகொள்ளும். அவனுடைய சமூக ஊடகப் பக்கத்திலிருந்தே எதையெல்லாம் திரட்ட முடிந்தது என்று அவனுக்கே காட்டினால் கைப்பேசியைத் தானே எடுத்து மேசைமேல் வைப்பான்.

கணினித் தாக்குதலைப் பற்றி இங்கே அதிகம் சொல்லப் போவதில்லை. அது தனியாக எழுத வேண்டிய பொருள். ஒன்று மட்டும். 2007 ஏப்ரல் இறுதியில், எஸ்டோனியத் தலைநகர் தாலினின் நடுவே இருந்த சோவியத் கால வெண்கல வீரன் சிலையை இராணுவக் கல்லறைக்கு மாற்றியபோது, வங்கிகள், செய்தித்தாள்கள், அரசுத் துறைகள் ஆகியவற்றின் இணையதளங்கள் ஏறத்தாழ மூன்று வாரம் தாக்கப்பட்டன. அடுத்த ஆண்டே இணையப் பாதுகாப்புக்கான நேட்டோ மையம் தாலினில் அமைந்தது. பிறகு நாட்டின் முக்கியத் தரவுகளின் படிகளை லக்ஸம்பர்க் நாட்டில், தூதரகத்துக்கு நிகரான பாதுகாப்புடன் வைக்க எஸ்டோனியா ஏற்பாடு செய்துகொண்டது. நாட்டின் நிலம் பறிபோனாலும் பதிவேடுகள் பறிபோகக்கூடாது என்ற முன்யோசனை அது. நிலத்துக்கும் குடியுரிமைக்கும் வாக்குக்கும் ஒரே கட்டடத்தில் ஒரே படியை வைத்திருக்கும் சிறிய நாடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

எல்லைக்கோட்டை நம்புதல்

2014 செப்டம்பர் 3 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஒபாமா தாலினுக்கு வந்து, எஸ்டோனியாவுக்கு ஆபத்து என்றால் கூட்டணி துணை நிற்கும் என்று பேசிவிட்டுப் போனார். இரண்டே நாளில், செப்டம்பர் 5 அன்று, காப்போ அதிகாரி எஸ்டன் கோவர் தென்கிழக்கு எல்லையருகே எஸ்டோனிய மண்ணிலேயே கடத்தப்பட்டார். எல்லை தாண்டிய கடத்தல் வழக்கு ஒன்றை அவர் விசாரித்துக்கொண்டிருந்தார். வானொலித் தொடர்பை முடக்கி, புகைக்குண்டு வீசி, அவரை இழுத்துப் போனார்கள். மாஸ்கோவோ அவர் ரஷ்ய மண்ணில் பிடிபட்டதாகச் சொன்னது. ரஷ்ய நீதிமன்றம் அவருக்கு 15 ஆண்டு தண்டனை விதித்தது. வரைபடத்தில் கோடு இருப்பதாலேயே கோட்டுக்கு இந்தப் பக்கம் பத்திரம் என்று எண்ணி ஆட்களை அனுப்பக்கூடாது என்பதை அந்த நாடு அன்று கற்றது.

கோவர் மீண்டு வந்ததற்குப் பின்னால் இன்னொரு பாடம் இருக்கிறது. 2012 பிப்ரவரியில் அலெக்ஸேய் த்ரெஸ்ஸென் என்ற காப்போ அதிகாரி பிடிபட்டிருந்தார். மாஸ்கோவுக்கு விமானம் ஏறவிருந்த மனைவியிடம் இரகசியத் தகவல் கொண்ட நினைவகத்தைக் கொடுத்தபோது தாலின் விமான நிலையத்தில் அகப்பட்டார். அவருக்கு 16 ஆண்டுகள். 2015 செப்டம்பர் 26 அன்று, எல்லையில் பியுசா ஆற்றுப் பாலத்தின்மேல், த்ரெஸ்ஸென் கிழக்கே நடந்தார், கோவர் மேற்கே நடந்தார். பிடித்த ஒற்றனைச் சட்டப்படி விசாரித்துச் சிறையில் உயிரோடு பத்திரமாக வைத்திருந்ததால்தான் தன் ஆளை மீட்க எஸ்டோனியாவிடம் கொடுப்பதற்கு ஏதோ ஒன்று இருந்தது. துரோகியை அடித்தே கொல்ல வேண்டும் என்று கொதிக்கும் மனத்தை நான் புரிந்துகொள்கிறேன். அந்தக் கொதிப்புக்கு இடம் கொடுத்திருந்தால் கோவர் இன்னும் ரஷ்யச் சிறையில் இருந்திருக்கக்கூடும்.

மூடி மறைத்தல்

ஒற்றன் பிடிபட்டால் பெரும்பாலான அரசுகளின் முதல் எண்ணம், வெளியே தெரிந்தால் மானம் போகும் என்பது. ஆளைச் சத்தமில்லாமல் ஓய்வில் அனுப்புவார்கள், வேறு நாட்டுக்குப் போகவிடுவார்கள், கோப்பைப் பூட்டுவார்கள். எஸ்டோனியா வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. பிடித்தவர்களைப் பெயர் சொல்லி அறிவித்து, வழக்கு நடத்தித் தண்டிக்கிறது. காப்போ 1998 முதல் ஆண்டுதோறும் தன் அறிக்கையைப் பொதுமக்களுக்காக வெளியிட்டுவருகிறது. நாட்டுக்குள் எவர் எப்படி ஆள்பிடிக்கிறார்கள் என்று அதில் எழுதுகிறார்கள்.

எஸ்டோனியாவில் இத்தனை ஒற்றர்களா என்று வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். ஒற்றர்களே பிடிபடாத நாட்டில் ஒற்றர்களே இல்லை என்று நம்புவதற்கு என்னால் முடியவில்லை. வழக்கு வெளியே வரும்போதுதான் கூட்டாளி நாடுகள் எந்த ஆவணங்கள் போயின என்று கணக்கிட்டு, தங்கள் திட்டங்களை மாற்றிக்கொள்ள முடிகிறது. மறைத்து வைத்த துரோகம் கூட்டாளியின் பக்கத்திலும் சீழ் பிடிக்கும். சிம் விவகாரம் வெடித்தபோது எஸ்டோனியா நேட்டோவிடம் மறைக்கவில்லை. சில ஆண்டுகளில் நம்பிக்கை திரும்பியது.

சிம் பிடிபட்டதற்கு முதல் துப்பு எப்படிக் கிடைத்தது என்பதும் இங்கே பொருந்தும். அவரை இயக்கிய ரஷ்ய அதிகாரி போர்த்துகீசிய வணிகர் என்ற போர்வையில் ஐரோப்பாவில் திரிந்தார். அவர் இன்னொருவரையும் வலையில் இழுக்கப் பார்க்க, அந்த மனிதர் போய்த் தன் அதிகாரிகளிடம் சொல்லிவிட்டார் என்று அக்காலச் செய்திகள் எழுதின. சொல்லலாம், சொன்னால் தண்டனை இல்லை என்று ஒருவர் நம்பியதால் பதின்மூன்று ஆண்டு இரகசியம் அவிழ்ந்தது.

திரும்பி வர வழியில்லாமல் அடைத்துவிடுதல்

எல்லாத் தவறுகளிலும் பெரியதாக நான் கருதுவது இதைத்தான். மெத்சாவாஸின் கதை அதற்குச் சாட்சி.

2007. அவர் அப்போது இளம் அதிகாரி. ரஷ்யாவின் ஸ்மலென்ஸ்க் நகரில் இருந்த உறவினர்களைப் பார்க்கப் போகிறார். இரவு விடுதியில் ஒரு பெண்ணின் அறிமுகம் கிடைக்கிறது. இரவை அவளோடு கழிக்கிறார். பிறகு அவரைத் தேடி வந்தவர்கள், அந்தப் பெண் பலாத்காரப் புகார் கொடுத்திருப்பதாகச் சொல்கிறார்கள். நீண்ட சிறைவாசம், குடும்பத்துக்கு அவமானம், படையில் முடிவு. அல்லது எங்களோடு ஒத்துழைப்பதாக ஒரு கையெழுத்து. அவர் கையெழுத்திட்டார். அது ஜி.ஆர்.யு. விரித்த வலை.

ஊருக்குத் திரும்பிய அன்று அவரிடம் இருந்த குற்றம் என்ன? ஓர் இரவின் தடுமாற்றமும் மிரட்டலில் போட்ட ஒரு கையெழுத்தும். அதுவரை ஓர் ஆவணமும் கைமாறவில்லை. அன்றே சொல்லியிருந்தால், மோசமான நிலையில் ஒழுங்கு நடவடிக்கை. நல்ல நிலையில், எதிரியின் வலையை எதிரிமேலேயே திருப்பும் வாய்ப்பு. அவர் சொல்லவில்லை. முதலில் கேட்டவை சின்னத் தகவல்கள். கொடுத்தார். கொடுத்த ஒவ்வொன்றும் அடுத்ததற்கான மிரட்டல் ஆயிற்று. பணமும் தந்தார்கள், பணம் வாங்கினால் அதுவும் ஒரு பிடி. ஆண்டுகள் போகப் போக அவர் ஆப்கானிஸ்தானில் பணிபுரிந்தார், மேஜர் ஆனார், தலைமையகத்தில் அமர்ந்தார். பீரங்கிப் படை அதிகாரியான அவர் கையில் அரசு இரகசியங்களும் கூட்டணி நாடுகளின் இரகசியங்களும் வந்தன.

பிறகு அவர்கள் அவருடைய தந்தை பியோதர் வோலினையும் உள்ளே இழுத்தார்கள். மகன் கொடுப்பதைச் சுமந்து செல்லும் தூதராக அப்பா. மகன் விலக நினைத்தால் அப்பாவும் சிக்குவார். அப்பா விலக நினைத்தால் மகன். பெற்ற பாசத்தையே விலங்காக மாற்றிய அந்தக் கொடுமையை எழுதும்போது எனக்கு மனம் பதறுகிறது. சிறிய நாட்டின் படையினருக்கு நாம் சொல்லித்தர வேண்டிய முதல் பாடம் இது: உன்னைப் பிடிக்க வருகிறவன் உன் வீட்டாரையும் சேர்த்துத்தான் பிடிப்பான்.

படைத் தலைமை என்ன செய்ய வேண்டும்? இளம் அதிகாரி எல்லை தாண்டிப் போகும் முன்பே அவனிடம் இந்த வலைகளை வெளிப்படையாகப் பேச வேண்டும். கூச்சப்பட்டுப் பேசாமல் விடும் ஒவ்வொரு தளபதியும் ஜி.ஆர்.யு.வுக்கு ஒரு வேலையை மிச்சப்படுத்துகிறார். சிக்கிக்கொண்டால் யாரிடம் போய்ச் சொல்வது என்பது அவனுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அந்த ஆள் அவனுடைய மேலதிகாரியாக இருக்கக்கூடாது. சிறிய படையில் மேலதிகாரி என்பவர் மனைவியின் சித்தப்பாவாகவோ அடுத்த பதவி உயர்வுக்குக் கையெழுத்திடுபவராகவோ இருப்பார். அவரிடம் போய் இரவு விடுதிக் கதையை எவன் சொல்வான்? எஸ்டோனியாவில் அந்தக் கதவு காப்போ. அது படைக்கு வெளியே, உள்துறை அமைச்சகத்தின்கீழ் இயங்கும் அமைப்பு. ரஷ்ய உளவுத்துறை அணுகினால் உடனே வந்து சொல்லுங்கள் என்று அவர்கள் மக்களிடம் மீண்டும் மீண்டும் கேட்கிறார்கள். வந்து சொன்னவரை அவமானப்படுத்தாமல் காப்பாற்றினார்கள் என்ற பேச்சு முகாம்களில் பரவினால்தான் அடுத்தவன் வருவான். ஒருவனை வைத்துப் பாடம் கற்பிக்கிறேன் என்று தண்டித்துக் காட்டினால் கதவு நிரந்தரமாகச் சாத்திக்கொள்ளும்.

தெனிஸ் மெத்சாவாஸ் 2018 செப்டம்பரில் கைதானார். குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2019 பிப்ரவரியில் அவருக்குப் பதினைந்தரை ஆண்டுகளும் தந்தைக்கு ஆறு ஆண்டுகளும் சிறை விதிக்கப்பட்டன. 2007-இல் ஸ்மலென்ஸ்கிலிருந்து வீடு திரும்பும் வழியில், எஸ்டோனிய எல்லைச் சாவடியில் கடவுச்சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்த தன் நாட்டுக் காவலரிடம் அவர் சொல்லாமல் விட்ட செய்தியை, பதினோரு ஆண்டுகள் கழித்து விசாரணை அறையில் சொன்னார்.